ஓக் மரத்தில் கயிறு போட்டு ஏறுவது: முதல்முறை ஏறுகிறவர்களுக்கு

மரம் ஏறப் போகிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "கை வலிக்காதா?" ஒழுங்காகச் செய்தால் வலிக்காது. இந்த ஏற்றத்தில் மரத்தைக் கட்டிப்பிடிக்கிற வேலையே இல்லை. உயரத்தில் ஒரு கிளைமேல் கயிற்றைப் போட்டு அந்தக் கயிற்றில்தான் ஏறுகிறோம். மரம் அது பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அதனால் கைவலு இல்லாதவர்களும் நிதானமாக மேலே போய்விடுகிறார்கள். திணறுவது அவசரக்காரர்கள்தான், முக்கியமாகத் தரையில் அவசரப்படுகிறவர்கள். ஒரு மணி நேரம் மேலே இருக்க வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் கீழே வேலை இருக்கும். அதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலைந்து ஏற்றம் ஆயிற்று.

நான் இருப்பது அமெரிக்காவில், அட்லாண்டா நகரத்தை ஒட்டி. இந்தப் பொழுதுபோக்குக்கு இந்த ஊரைத் தாய்வீடு என்றே சொல்லலாம். பாறை ஏறுபவராகவும் மரவெட்டு வேலை செய்பவராகவும் இருந்த பீட்டர் ஜென்கின்ஸ் 1983இல் 'ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பை இங்கேதான் தொடங்கினார். தொழிலாளிகள் கிளை வெட்டுவதற்கு வைத்திருந்த கயிற்று முறையை, சும்மா ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நேராக மரத்தடிக்குப் போகாதீர்கள். முதல் சில ஏற்றங்கள் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவர் செய்வதையெல்லாம் ஏன் செய்கிறார் என்று புரிந்துகொண்டு நிற்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எந்த ஓக்?

ஓக் என்றால் எல்லாம் ஒன்றில்லை. இங்கே நாங்கள் தேடிப் போவது வெள்ளை ஓக். இலையின் மடல்கள் விரல்நுனிபோல உருண்டு இருக்கும். சிவப்பு ஓக் வகைகளில் மடல் கூராகி நுனியில் ஒரு முள்மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை ஓக் முந்நூறு வருடங்களுக்கு மேலும் வாழக்கூடியது. கட்டை உறுதி. கிளைகள் தண்டிலிருந்து அகலமாகப் பிரிந்து கிடைமட்டமாக நீளும், கயிறு போட வசதி.

அட்லாண்டாத் தெருக்களில் நிறைய நிற்பது வாட்டர் ஓக். சீக்கிரம் வளரும், அறுபது எழுபது வயதுக்குள் உள்ளே கோறையாகத் தொடங்கிவிடும். புயல் அடித்த மறுநாள் யார் வீட்டுக் கூரைமேலாவது படுத்திருப்பது பெரும்பாலும் இந்த மரம்தான். வெளியே பச்சையாக, கம்பீரமாகத் தெரிகிறதே என்று நம்பிவிட வேண்டாம். புதியவர்கள் வாட்டர் ஓக்கை விட்டுவிடுவது நல்லது.

அப்புறம் அனுமதி. பூங்கா மரம் என்றால் பூங்கா நிர்வாகம். பல இடங்களில் ஏறவே கூடாது என்று விதி இருக்கும். தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரத்தில் தனக்குத் தானே சொந்தக்கார மரம் என்று ஒரு வெள்ளை ஓக் இருக்கிறது. பழைய நிலக்காரர் மரத்தின் பெயருக்கே பத்திரம் எழுதிவைத்தார் என்பது ஊர்க் கதை. அந்தப் பழைய மரம் 1942இல் விழுந்துவிட்டது; அதன் கொட்டையிலிருந்து வளர்த்த கன்றை 1946இல் அதே இடத்தில் நட்டார்கள். அதில் ஏற யாரிடம் அனுமதி கேட்பது என்று எங்கள் குழுவில் இன்னும் கேலி ஓடுகிறது. (ஏறுவதில்லை.)

முதலில் கண்ணால் ஏறுங்கள்

சாமானை வண்டியிலேயே வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி வாருங்கள். தூரத்திலிருந்து தொடங்கிக் கிட்டே வர வேண்டும்.

ஐம்பது அடி தள்ளி நின்று முழு மரத்தையும் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா? அருகில் மின்கம்பி ஓடுகிறதா? ஓடினால் அந்த மரம் வேண்டாம், எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம். பிறகு தரை. வேர்ப் பக்கம் மண் வெடித்து ஒரு புறம் தூக்கியிருந்தால் மரம் அசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இங்குள்ள செம்மண் நாள்கணக்கில் மழையில் ஊறினால் பெரிய ஓக்கும் வேரோடு சாய்வதுண்டு. அப்படிப்பட்ட வாரங்களில் நாங்கள் போவதில்லை. அடித்தண்டில் விசிறிபோலக் காளான் முளைத்திருந்தால் உள்ளே அழுகல் இருக்கலாம், வேறு மரம் பாருங்கள். தண்டில் நீளவாட்டில் வெடிப்பு, பொந்து, பொந்துக்குள் தேனீயோ குளவியோ போய்வருவது, இதையெல்லாம் கவனியுங்கள். ரோமம் அடர்ந்த கொடி ஒன்று தண்டில் ஒட்டி ஏறியிருந்தால் அது பாய்சன் ஐவி. மூன்று மூன்று இலையாக இருக்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த வெறுங்கொடியும் தோலைப் புண்ணாக்கிவிடும்.

கடைசியில் தலைக்கு மேலே. பட்ட கிளை எங்கே இருக்கிறது? முறிந்து பாதியில் தொங்குவது ஏதாவது உண்டா? கோடையில் இது சுலபம், இலை இல்லாத கிளை தனியாகத் தெரிந்துவிடும். குளிர்காலத்தில் பட்டை உரிந்திருக்கிறதா, நுனியில் மொட்டு இருக்கிறதா என்று பைனாகுலர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் ஏறுகிற கோட்டிலோ நிற்கிற இடத்துக்கு மேலோ பட்ட கிளை இருந்தால் ஏற மாட்டோம்.

இடி சத்தம் கேட்டால் அன்றைய கதை முடிந்தது. பலத்த காற்றும் அப்படித்தான்.

சாமான்

ஹெல்மெட்: தாடைப்பட்டை உள்ள ஏற்ற ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட் இல்லை. கீழே நிற்பவரும் போட வேண்டும்.

ஹார்னஸ்: இதற்கு இங்கே 'சேடில்' என்று பெயர். அகலமான இடுப்புப் பட்டை, தொடைப் பட்டைகள். பாறை ஏறும் ஹார்னஸ் விழும்போது தாங்குவதற்குச் செய்தது. இதில் நாம் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கப் போகிறோம், அந்த மெல்லிய பட்டை தொடையை அறுத்துவிடும்.

கயிறு: மரம் ஏறுபவர்களுக்கென்றே செய்தது, சுமார் 12 அல்லது 13 மில்லிமீட்டர் தடிமன், அதிகம் இழுபடாத வகை. அமெரிக்கத் தொழில்முறைத் தரம் கேட்கும் குறைந்தபட்சத் தாங்குதிறன் சுமார் 24 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டரை டன் எடை. 45 மீட்டர் நீளம் ஒரு ஆரம்பக்காரருக்குப் போதும். கயிறு இரட்டையாகத் தொங்கும் என்பதால் 15 மீட்டர் உயரக் கிளைக்கே 30 மீட்டர் போய்விடும், முடிச்சுகளுக்கும் கையிருப்புக்கும் மீதி வேண்டும். கட்டடச் சாமான் கடைக் கயிறு, படகுக் கயிறு, மாமா கொடுத்த கயிறு எதுவும் வேண்டாம்.

காரபினர்: கயிற்றைச் சேடிலோடு இணைக்கும் உலோகக் கொக்கி. தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை, திறக்க மூன்று அசைவு தேவைப்படுவது. எறிகயிறும் எறிபையும் அடுத்து வருகின்றன. காலில் கட்டும் ஆணிகள் மட்டும் வேண்டவே வேண்டாம். வெட்டப்போகிற மரத்துக்குத்தான் அவை. உயிருள்ள மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு புண். ஓக்கில் 'ஓக் வில்ட்' என்ற பூஞ்சை நோய் புதுப்புண்ணில் மொய்க்கும் வண்டுகள் வழியாகவும் பரவும்.

எறிகயிறு: பொறுமையைச் சோதிக்கும் பகுதி

ஏறுகிற கயிறு கனமானது, அதைத் தூக்கி எறிய முடியாது. முதலில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான மெல்லிய கயிற்றைக் கிளைமேல் அனுப்ப வேண்டும். அதன் நுனியில் ஈயக்குண்டு நிரப்பிய சிறு பை, 300 முதல் 400 கிராம் வரை. வெள்ளை ஓக்கின் பட்டை செதில் செதிலாகக் கரடுமுரடாக இருக்கும், லேசான பை மேலேயே தங்கிவிடும். அதனால் ஓக்குக்குக் கனமான பைதான் நல்லது.

கிளையைத் தேர்ந்தெடுங்கள். உயிருள்ளதாக, தண்டுக்கு அருகில் குறைந்தது 15 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளதாக இருக்க வேண்டும். கயிறு தண்டை ஒட்டி விழ வேண்டும், கிளை நடுவில் விழுந்தால் மறுபடி எறியுங்கள். முதல் முறைக்கு எட்டுப் பத்து மீட்டர் உயரம் தாராளம்.

எறிகயிறு முழுவதையும் ஒரு வாளிக்குள்ளோ மடக்குப் பெட்டிக்குள்ளோ அடுக்கிவைத்துக்கொள்ளுங்கள். புல்மேல் போட்டால் ஒவ்வொரு சுள்ளியும் அதில் குடும்பம் நடத்தும். பை முழங்காலுக்குக் கீழே தொங்கும்படி கயிற்றைப் பிடித்து, ஊசல்போல முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை ஆட்டி, கண் உயரத்துக்கு வரும்போது விடுங்கள். கை வலுவால் எறியாதீர்கள், ஆட்டத்தின் வேகமே கொண்டுபோகும். சிலர் இரண்டு கையாலும் பிடித்துக் கால்களுக்கு நடுவே ஆட்டி விடுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் குறி தப்பாது. எறிவதற்கு முன் "எறிகிறேன்!" என்று சத்தமாகச் சொல்லிவிட வேண்டும்.

பை பெரும்பாலும் வேண்டாத இரண்டு மூன்று கிளைகளையும் சேர்த்துத் தாண்டிவிடும். பதறாதீர்கள். கயிற்றை மெதுவாக உங்கள் பக்கம் இழுத்தால் பை மேலே ஏறி வேண்டாத கிளையைத் தாண்டி இந்தப் பக்கம் குதிக்கும். உடனே தளர்த்திவிட்டால் நேராகக் கீழே இறங்கும்.

இனி மாட்டிக்கொள்வது பற்றி. என் முதல் ஏற்றத்தில் இருபது எறிக்கு மேல் ஆகியும் கயிறு சரியாக விழவில்லை, கடைசியில் பை ஒரு கவட்டையில் சிக்கிக்கொண்டது. எரிச்சலில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பலம்கொண்டமட்டும் இழுத்தேன். பை சட்டென்று விடுபட்டு, ரப்பர் வில்லிலிருந்து வந்த கல் மாதிரி என் காதை உரசிப் போனது. விரலில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. சிக்கினால் ஓரமாக நகர்ந்து நின்று, வேறு கோணத்திலிருந்து சின்னச் சின்னதாகச் சுண்டி இழுங்கள். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது; ஒரு குச்சியில் சுற்றிப் பிடியுங்கள். ஹெல்மெட் ஏற்கெனவே தலையில் இருக்கட்டும்.

கயிற்றை ஏற்றுவது

பை தரைக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட்டு அந்த நுனியை ஏறுகயிற்றோடு கட்டுங்கள். மேலே இழுக்குமுன் ஒரு வேலை இருக்கிறது. கயிறு நேரடியாகப் பட்டைமேல் ஓடினால், நாம் ஏறி இறங்கும் உராய்வில் பட்டை தேய்ந்து அடியிலுள்ள வளர்திசு காயப்படும். கயிறும் பாழாகும். ஆகவே கயிற்றில் ஒரு தோல் உறையைக் கோத்து, அது கிளைமேல் உட்காரும்படி செய்கிறோம். கேம்பியம் சேவர் என்பது அதன் பெயர். உறை பின்னால் நழுவாமல் இருக்க அதற்குக் கீழே ஓர் உருவாஞ்சுருக்குப் போட்டு இழுப்போம். உறை கிளைமேல் வளைந்து உட்கார்ந்ததும் கயிற்றின் நுனிப் பக்கமிருந்து ஒரு சுண்டு சுண்டினால் சுருக்கு அவிழ்ந்துவிடும்.

பிறகு சோதனை. இரண்டு பேர் சேர்ந்து, தொங்கும் இரண்டு கயிற்றையும் ஒன்றாகப் பிடித்து முழு எடையோடு தொங்கிப் பாருங்கள், மெல்ல இரண்டு குலுக்கலும் கொடுங்கள். கண் மேலேயே இருக்கட்டும். கிளை முனகினாலோ பட்டைத்தூள் கொட்டினாலோ வேறு கிளை.

முடிச்சு

ஆரம்பக்காரருக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இரட்டைக் கயிற்று முறை. கயிற்றின் ஒரு நுனி உங்கள் சேடிலில், அங்கிருந்து கிளைமேல் போய் மறுபுறம் இறங்கி வரும் கயிற்றை ஒரு முடிச்சு கவ்விக்கொண்டிருக்கும், அந்த முடிச்சும் உங்கள் சேடிலோடு சேர்ந்தது. அதாவது நீங்கள் ஒரு வளையத்தில் தொங்குகிறீர்கள். முடிச்சை மேலே தள்ளினால் வளையம் சிறுக்கும், நீங்கள் உயர்வீர்கள். கிளைக்கும் உங்கள் எடை மட்டும்தான். ஒரு நுனியை மரத்தடியில் கட்டிவைத்து மறு நுனியில் ஏறும் ஒற்றைக் கயிற்று முறையில் கிளை ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கவ்வும் முடிச்சின் பெயர் பிளேக் ஹிட்ச். ஹைன்ஸ் புரோஹாஸ்கா என்பவர் 1981இல் ஆஸ்திரிய மலைவழிகாட்டிகளின் இதழில் இதைக் காட்டியிருந்தார். ஜேசன் பிளேக் தானாகவே கண்டுபிடித்து 1994இல் மரத்தொழில் இதழ் ஒன்றுக்கு எழுதினார். பெயர் பின்னவருக்குப் போய்விட்டது.

1. நுனியில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் வால் விட்டு, கயிற்றைக் காரபினரில் கட்டிச் சேடிலில் மாட்டுங்கள்.

2. அந்த வாலால், மறுபுறம் இறங்கும் கயிற்றைச் சுற்றிக் கீழிருந்து மேலாக நான்கு சுற்று. முதல் இரண்டு சுற்றில் உங்கள் கட்டைவிரலும் உள்ளே இருக்கட்டும்.

3. வாலைக் கீழே கொண்டுவந்து, சேடிலிலிருந்து வரும் தன் பகுதிக்கு முன்னால் கடத்தி, தொங்கும் கயிற்றுக்குப் பின்னால் எடுத்து, கட்டைவிரல் இருந்த இடத்தில், அதாவது அடிச் சுற்று இரண்டுக்குள்ளும் நுழைத்து வெளியே இழுங்கள்.

4. வாலின் நுனியில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று. இது இல்லாவிட்டால் வால் நழுவி உருவிக்கொண்டுவிடலாம்.

5. சுற்றுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒழுங்குபடுத்தி, இறுக்கி, தரையிலிருந்து அரையடி உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கையைவிட்டால் முடிச்சு நிற்க வேண்டும், கையால் தள்ளினால் நகர வேண்டும். இரண்டும் நடந்தால் சரி. வீட்டில் கதவுப்பிடியில் கயிற்றைக் கட்டி இதை நூறு முறை போட்டுப் பழகுங்கள், பேசிக்கொண்டே போடவரும்வரை. கட்டி முடித்ததும் இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் எங்கள் குழுவில் இதற்கு விலக்கு இல்லை.

கயிற்றின் மறு நுனியிலும் ஒரு முடிச்சு போடுங்கள். அந்த நுனி எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஏறுவது

கால் வளையம் ஒன்று வேண்டும். சிறு கயிற்றை வளையமாக்கி, பிளேக் ஹிட்சுக்குக் கீழே அதே கயிற்றில் புரூசிக் என்ற இன்னொரு கவ்வும் முடிச்சால் கட்டுவோம். பனையேறிகளின் தளைநார் மரத்தைப் பிடிக்கும், இந்தத் தளை கயிற்றைப் பிடிக்கும்.

கால் வளையத்தில் பாதத்தை வைத்து எழுந்து நில்லுங்கள். தளர்ந்த அளவுக்குப் பிளேக் ஹிட்சை மேலே தள்ளுங்கள். சேடிலில் உட்காருங்கள். காலை மடக்கிக் கால் வளையத்தின் முடிச்சை மேலே ஏற்றுங்கள். மறுபடி எழுந்து நில்லுங்கள். கம்பளிப்புழு ஊர்வது மாதிரிதான். பத்து மீட்டர் ஏற இருபது மீட்டர் கயிறு உங்களைக் கடந்து போகும், அதனால் "இவ்வளவு செய்தும் இவ்வளவுதானா" என்று தோன்றும். தோன்றட்டும். கையால் இழுத்து ஏறப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தோள் செத்துவிடும், வேலையைத் தொடைக்குக் கொடுங்கள்.

சில மீட்டருக்கு ஒரு முறை நின்று, முடிச்சுகளுக்குக் கீழே கயிற்றில் ஓர் உருவாஞ்சுருக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது காரணத்தால் பிளேக் ஹிட்ச் நழுவினாலும் அந்தச் சுருக்குக்குமேல் இறங்காது. அடுத்ததைப் போட்டபின் முந்தையதை அவிழ்க்கலாம்.

அசையாமல் வெகுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள். தொடைப் பட்டை அழுத்தி இரத்த ஓட்டம் தடைப்படும். அசைவில்லாமல் தொங்குவது உண்மையிலேயே ஆபத்து. அவ்வப்போது கால் வளையத்தில் எழுந்து நில்லுங்கள். இதனால்தான் தனியாக ஏறக் கூடாது என்கிறோம். மேலே ஒருவர் மயங்கினால் ஏறிப்போய் இறக்கத் தெரிந்த ஆள், இரண்டாவது கயிறு, சிக்னல் கிடைக்கிற போன், மூன்றும் கீழே தயாராக இருக்க வேண்டும்.

கிளையை எட்டியதும் அதன்மேல் ஏறி உட்காரத் தோன்றும். உட்காரலாம், ஆனால் கயிற்றுத் தொடர்பை ஒரு நொடிகூட விடாமல். கயிறு கிளைமேல் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மேலே ஏறவும் கூடாது. அங்கே கயிறு தளர்ந்துவிடும், வழுக்கினால் விழுந்து சடாரென்று நிற்பீர்கள்; இந்தக் கயிறு அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிற வகை இல்லை.

மேலே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஏப்ரலில் போனால் ஓக்கின் பூச்சரங்கள் மஞ்சள் நூலாகத் தொங்கும், இறங்கும்போது புருவம்வரை மகரந்தம் அப்பியிருக்கும். காற்று லேசாக வீசினாலும் அந்த உயரத்தில் மொத்த மரமும் அசைவது முதுகில் தெரியும். முதல் முறை வயிறு கலங்கும். தரையில் நிற்கும்போது மரம் அசையாத பொருள் என்று நினைத்திருப்போம் இல்லையா.

இறங்குவதும் மூட்டை கட்டுவதும்

கால் வளையத்தைக் கழற்றிச் சேடிலில் மாட்டுங்கள். பாதுகாப்புச் சுருக்குகளை அவிழுங்கள். ஒரு கை முடிச்சுக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருக்க, மறு கையால் பிளேக் ஹிட்சின் தலையை மெதுவாகக் கீழே அழுத்துங்கள். முடிச்சு நகரும், நீங்களும் இறங்குவீர்கள். கையை எடுத்தால் நின்றுவிடும். பயந்து இறுகப் பிடிப்பவர்கள் முடிச்சையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டு வேகமாக இறங்குவார்கள், அதனால் பிடிப்பதைவிட விடுவதைப் பழகுங்கள். சினிமா மாதிரி சர்ரென்று இறங்கினால் உராய்வுச் சூட்டில் கயிற்றின் மேல்நூல் உருகிக் கண்ணாடி போல மினுங்கத் தொடங்கும். உள்ளங்கைக்கும் அதே கதிதான்.

எல்லோரும் இறங்கியதும் கயிற்றின் ஒரு நுனியில் சிறு முடிச்சுப் போட்டு மறு நுனியிலிருந்து இழுங்கள். முடிச்சு மேலே போய்த் தோல் உறையில் தட்டி, அதையும் கூட்டிக்கொண்டு மறுபுறம் விழும். "கயிறு!" என்று கத்திவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், கவனிக்காமல் நின்றால் தோல் உறை தலைமேல் விழும்.

கயிற்றைப் பையில் திணிக்கும்போது ஒவ்வொரு அடியையும் விரலுக்கிடையில் ஓடவிடுங்கள். மினுங்கும் இடம், கட்டியாகத் தட்டுப்படும் இடம், நூல் அறுந்து பிசிறிய இடம் இருந்தால் மை பேனாவால் குறித்து, பயிற்சியாளரிடம் காட்டும்வரை அந்தக் கயிற்றில் ஏறாதீர்கள். ஈரமாக இருந்தால் வெயிலில் போடாமல் நிழலில் காயவிடுங்கள். காரின் டிக்கியில் பெட்ரோல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

எறிகயிற்றை மட்டும் அன்றைக்கே வாளிக்குள் திருப்பி அடுக்கிவிடுங்கள். அடுத்த வாரம் அடுக்கிக்கொள்ளலாம் என்று விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுவதும் அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.